ஒன்பதாம் கண்ணில் நடப்பவன்

சாத்தங்கால் கல்பாலத்தை இடிப்பதற்கு முன்னால் அதன் வரலாறு ஒரு பக்கத்துக்கு மிகாமல் கோப்பில் இருக்க வேண்டும் என்று துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்து, ஊரில் தினமும் பேப்பர் படிக்கிற ஆள் யார் என்று விசாரித்து, கடைசியில் பாலத்தின் தென்கோடியில் டீக்கடை வைத்திருக்கிற என்னிடம் வந்து சேர்ந்தார். ஒரு பக்கமாம். எங்கள் பாலத்துக்கு முதல் கல் நடுவதற்கே ஒரு பக்கம் போதாது. ஆனாலும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "இதுல நீளம் அகலம் எங்கய்யா இருக்கு?" என்று கேட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். நீளம் அகலம் வேண்டுகிறவர்கள் அவரைத் தேடிப் போகலாம். மற்றவர்கள் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். பாதியை நம்பினால் போதும், மீதிக்கு நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன்.

மஞ்சணாற்றுக்கு வடகரையில் மேலக்கண்ணி, தென்கரையில் எங்கள் சாத்தங்கால், நடுவே ஒரு தோணி, தோணிக்கு ஒரு தோணிக்காரன் என்று உலகம் ஒழுங்காக இருந்த காலத்தில், ஹாக்கின்ஸ் துரை என்று ஒருவர் வெள்ளைக் குதிரை ஒன்றின்மேல் வந்து வடகரையில் நின்றார். துரை சொன்னால் ஜமீன்தார்களே தலைகீழாக நிற்கிற காலம். குதிரை மட்டும் தோணியில் ஏற மாட்டேன் என்றுவிட்டது. புல்லைக் காட்டினார்கள், கொள்ளைக் காட்டினார்கள், கண்ணைக் கட்டினார்கள், பின்னாலிருந்து எட்டுப் பேர் தள்ளினார்கள். தள்ளினவர்களில் இரண்டு பேரை உதைத்து ஆற்றில் போட்டதே தவிர அது ஏறவில்லை. மூன்றாம் நாள், மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டும் கிடைக்காத பாலத்தை அந்தக் குதிரைக்காகக் கட்டச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். ஒன்பது வருஷம் கட்டினார்கள். எட்டாம் வருஷம் குதிரை செத்துப்போயிற்று. திறப்பு விழா அன்றைக்கு அதன் சேணத்தைப் பல்லக்கில் வைத்து மேளதாளத்தோடு வடகரையிலிருந்து தென்கரைக்குத் தூக்கி வந்தார்கள். துரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி பின்னால் நடந்து வந்தார். அழுகிற வெள்ளைக்காரனை அதுவரை பார்த்திராத எங்கள் சனம் மரியாதைக்காகத் தானும் அழுதது.

சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த காரை. ஒன்பது வருஷமாக இரண்டு ஊரிலும் ஒரு கோழிக்குஞ்சு பொரிக்கவில்லை. அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேஸ்திரி காலைக் கஞ்சியே குடிப்பான். பாலத்தின் வளைவை எங்கள் பக்கம் கண் என்போம். வடக்கிலிருந்து எண்ணினால் பதினொரு கண், தெற்கிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு. துரையின் வரைபடத்தில் பதினொன்றுதான் இருந்தது. கூட ஒன்று எங்கிருந்து வந்தது என்று துரை கேட்டதற்கு, "முட்டை மிஞ்சிருச்சு துரை" என்றானாம் மேஸ்திரி. இந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தீர்த்துவைக்கவில்லை, எங்களுக்கும் அதில் அவசரமில்லை.

இனி வழக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாப் பாழும் அதிலிருந்துதான் வந்தது. தோணி ஓடிய காலத்தில், சாரல் கனத்துவிட்டால் நடு ஆற்றிலிருந்து பார்க்கையில் கரை தெரியாது. அதனால் தோணியில் யார் வருகிறாரோ அவர் வீட்டு ஆள் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். குரல் வந்த திசையைப் பிடித்துக்கொண்டு தோணிக்காரன் கரை சேர்ப்பான். பாலம் வந்த பிறகு குரல் எதற்கு? எதற்குமில்லை, ஆனாலும் கூப்பிட்டார்கள். வருகிற ஆள் வடக்கிலிருந்து ஒன்பதாம் கண்ணைத் தொட்டதும் கரையில் நிற்கிற வீட்டு ஆள் "ஏ கொம்பையா!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும், கொம்பையா கையைத் தூக்க வேண்டும், அதன் பிறகு இறங்க வேண்டும். கல்லுக்குக் காது உண்டு, எந்த வீட்டுக்கு ஆளை விடுவது என்று அது கேட்டுத் தெரிந்துகொள்கிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சொன்னவர்கள் உட்பட யாரும் அதை நம்பவில்லை. வெளியூர்க்காரர்களுக்குக் கரையில் ஆள் ஏது? அவர்களை டீக்கடைக்காரன் கூப்பிடுவான். "பாத்திரக்காரரே வாங்க", "போலீஸ்காரய்யா வாங்க" என்று. அது எங்கள் அப்பா வேலை, அவர் படுத்த பிறகு என் வேலை. அதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டு ஆள் கரையில் நிற்கும்போது பிறத்தியான் வாயைத் திறக்கக் கூடாது. அது அடுத்தவன் இலையில் கை வைக்கிற மாதிரி.

பெண்டாட்டிமார் சங்கதி வேறு. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. இதை மட்டும் எல்லாரும் நம்பினார்கள். அதனால் மாமியாரோ கொழுந்தனோ பிள்ளையோ கூட வந்து நின்று கூப்பிடுவார்கள், பெண்டாட்டி பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். ஒரு பெண்டாட்டி தனியாக வந்து கரையில் நின்றதே கிடையாது, செண்பகவடிவு வந்து நிற்கிற வரைக்கும்.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்யாணமாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. புருஷன் சொரிமுத்து பம்புசெட் மெக்கானிக், இருபத்தாறு வயது, கைவிரல் இடுக்கிலெல்லாம் கிரீஸ், நல்ல பையன். மேலக்கண்ணிக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்து மோட்டாரைப் பார்க்க அவன் கிளம்பிய அன்று, அவள் அவனிடம் நேராகச் சொல்லவில்லை, நேராகப் பேசுகிற அளவுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை; மாமியார் ஆவுடையம்மாளிடம் சொல்வதுபோல, "எங்க அம்மா வீட்ல இந்நேரம் பலாப்பழம் பழுத்துருக்கும்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். இரண்டு நாள் கழித்து, ஆனி மாதச் சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்த காலை வேளையில், தோளில் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினான்.

எப்போதும் அவனைக் கூப்பிடுகிறவள் ஆவுடையம்மாள்தான். அன்றைக்கு அவள் சொந்தத்தில் ஒரு சாவு என்று துஷ்டிக்குப் போயிருந்தாள். வடிவு தனியாக வந்து நின்றாள். என் கடை பெஞ்சில் நாங்கள் நாலு ஆம்பிளைகள் இருந்தோம், மூன்று பேர் குடிக்க, ஒருத்தன் ஆற்ற. சொரிமுத்து ஒன்பதாம் கண்ணுக்கு வந்தான், அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் வாயைத் திறந்தாள். பெயர் நாக்கு நுனிவரை வந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு அவள் எங்கள் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்தாள், காது வரை சிவந்தாள், வாயை மூடிக்கொண்டு இரண்டு தரம் கையைத் தட்டினாள். நான் கூப்பிட்டிருக்கலாம். வீட்டு ஆள் நிற்கும்போது நாம் எப்படிக் கூப்பிடுவது என்று பேசாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"இந்தா வந்துட்டேன்" என்றான் சொரிமுத்து. நடந்தான். கால் நடந்தது, கை வீசியது, பலாப்பழம் தோளில் ஆடியது. ஒன்பதாம் கண் மட்டும் முடியவில்லை.

புதுப் பெண்டாட்டிக்கு வேடிக்கை காட்டுகிறான் என்று முதலில் சிரித்தோம். ஒன்பது மணி பஸ் அவனைத் தாண்டி வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாண்டி வந்தார்கள், வாத்து மேய்க்கிறவன் இருநூறு வாத்தோடு தாண்டி வந்தான், அவன் அங்கேயே நடந்துகொண்டிருந்தான். மத்தியானம் போய்க் கையைப் பிடித்து இழுத்தோம். நாங்கள் கரைக்கு வந்தபோது எங்கள் கையில் அவன் கை இல்லை. மாட்டுவண்டியில் ஏற்றினோம், வண்டி வந்தது, அவன் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தோம். பஸ் தென்கரையில் நின்றபோது சீட்டில் பலாப்பழ வாசனை மட்டும் இருந்தது. வாசனைக்கும் டிக்கெட் போட்டாயிற்று, இறக்கிவிடுங்கள் என்றார் கண்டக்டர்.

துஷ்டிக்குப் போன ஆவுடையம்மாள் திரும்பி வந்து, அடிவயிற்றிலிருந்து மகனைக் கூப்பிட்டாள். கொழுந்தன் முறைக்காரர்கள் கூப்பிட்டார்கள். நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பஞ்சாயத்து போர்டிலிருந்து மைக் செட் கட்டிக் கூப்பிட்டார்கள். அவன் எல்லாருக்கும் மரியாதையாகக் கையைத் தூக்கி, "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லி, நடந்துகொண்டேயிருந்தான். மூன்றாம் நாள்தான் ஊருக்குப் புரிந்தது. கரையில் காத்து நின்றவள் எவளோ அவள் கூப்பிட வேண்டும். மற்றக் குரல் எதுவும் கல்லுக்கு ஏறாது.

"அவ கூப்பிடக் கூடாது" என்றாள் ஆவுடையம்மாள். "நடந்தாலும் எம்புள்ள உசுரோட நடக்கான். இவ பேரைச் சொல்லி ஆயுசைக் குறைச்சுட்டா நான் யாருகிட்ட போய்க் கேக்க?" ஊர் கூப்பிடு கட்சி, கூப்பிடாதே கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. பஞ்சாயத்து பாலத்தின்மேலேயே கூடியது. சொரிமுத்து எங்களுக்கு நடுவே நடந்தபடி, "எதுக்குக் கூட்டம்? நான்தான் வந்துட்டேன்லா" என்றான். தீர்ப்பு ஆவுடையம்மாள் பக்கம் போயிற்று. பெற்றவள் வாக்குக்கு மேல் வாக்கு இல்லை என்றார்கள். வடிவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் உட்பட.

பிறகு என்ன, பழகிவிட்டோம். மனுஷனுக்குப் பழகாதது எது? பஸ் டிரைவர்கள் ஒன்பதாம் கண்ணில் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போகக் கற்றுக்கொண்டார்கள், கல்யாண ஊர்வலங்கள் அவனுக்குத் தாம்பூலம் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தன, மக்கள்தொகை கணக்கெடுக்க வந்தவர் அவனை எந்த ஊரில் சேர்ப்பது என்று தெரியாமல் இரண்டு ஊரிலும் சேர்த்துவிட்டுப் போனார், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கும்பிட்டபடி அவனோடு கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார்கள், அவன் எல்லாக் கட்சிக்கும், "வீட்டுக்குப் போய் அவகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்" என்றான். அவனுக்குத் தாடி வளரவில்லை, வேட்டி அழுக்காகவில்லை, தோளிலிருந்த பழம் அழுகவில்லை. பாலம் முழுக்கப் பலாப்பழ வாசனை வீசியது; தேனீக்கள் கைப்பிடிச் சுவரில் கூடு கட்டின. அவனுக்கு அது ஒரே காலை. விடிகிற ஒவ்வொரு நாளும் அவனுக்கு அந்த ஆனி மாதத்துச் சாரல் காலைதான்.

எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டும் பழகவில்லை, பயந்தார்கள். அடுத்த வருஷம் கல்யாணமாகி வந்த ஒருத்தி புருஷன் பாலத்தில் ஏறியதுமே கரையில் நின்று அவன் பெயரை முழுசாக, இனிஷியலோடு, கத்தினாள். அவனுக்கு ஆயுசு ஒன்றும் குறையவில்லை, இன்றைக்கும் என் கடைக்கு வந்து பேப்பரைக் கசக்கிவிட்டுப் போகிறான். அவளைப் பார்த்து மற்றவர்கள் கூப்பிட்டார்கள். கரையில் கூப்பிட்டது வாசலுக்கு வந்தது, வாசலிலிருந்து அடுக்களைக்கு வந்தது. பத்து வருஷத்தில் எங்கள் ஊரில் புருஷன் பெயரைச் சொல்லாத பெண்டாட்டி இல்லை என்றாயிற்று. சாத்தங்கால் பெண்களுக்கு வாய்த்துடுக்கு என்று சுற்றுவட்டாரத்தில் பெயர் வந்தது இப்படித்தான். வடிவால் வந்த துணிச்சல், வடிவைத் தவிர எல்லாருக்கும் வாய்த்தது.

அவள் தினமும் காலையில் தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறுவாள். "நீ எதுக்கு வந்தே வடிவு? நான்தான் வந்துட்டேன்லா" என்பான். அவன் நடந்துகொண்டே குடிப்பான், அவள் கூடவே நடப்பாள். முதல் சில வருஷங்கள் இப்படிப் போயின. நாற்பது நாளில் பேசாத பேச்செல்லாம் அங்கேதான் பேசினார்கள். பார்க்கிறவர்கள் பார்க்காத மாதிரிக் கடந்து போவோம். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஓரமாகப் பேசிக்கொண்டால் எப்படிக் கடந்து போவோமோ அப்படி.

பதினோராம் வருஷம் ஆவுடையம்மாள் செத்துப்போனாள். எங்கள் சுடுகாடு வடகரையில். கொள்ளி வைக்க வேண்டிய மகன் பாலத்தில் நடந்துகொண்டிருக்க, பாடை அந்தப் பாலத்து வழியாகத்தான் போயாக வேண்டும். சங்கு ஊதக் கேட்டு அவன் கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கினான். மாலைக் குவியலில் முகம் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு, "யாரு அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டான். "வயசான அம்மா ஒருத்தி" என்றேன். "பாவம்" என்றான். வேறு எப்படிச் சொல்லியிருப்பேன்?

சாகிறதுக்கு முன்னால் ஆவுடையம்மாள் மருமகள் கையைப் பிடித்து, "நான் தப்புப் பண்ணிட்டேன். நீ கூப்பிட்டு எறக்கிரு" என்று சொல்லியிருந்தாள். ஊருக்கே தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வடிவு தலைக்குக் குளித்துவிட்டுப் போனாள். நாங்கள் கரையில் திரண்டு நின்றோம். அவள் வழக்கம்போல முதலில் பாலத்தில் ஏறிக் கஞ்சியைக் கொடுத்தாள். திரும்பிக் கரைக்கு வந்தாள், நின்றாள், வாயைத் திறக்கவில்லை. தூக்குச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். எங்களுக்கு ஆத்திரமாக வந்தது. நெஞ்சழுத்தக்காரி என்றோம், கல்நெஞ்சு என்றோம், புருஷனைப் பாலத்தில் கட்டிப்போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறாள் என்றோம். பிறகு இருபத்தோரு வருஷம் அவள் தினமும் கஞ்சி கொண்டு போனாள், தினமும் திரும்பி வந்தாள், ஒரு நாளும் கூப்பிடவில்லை.

போன ஐப்பசியில் புதுப் பாலம் திறந்தார்கள். சிமெண்டுப் பாலம், நேராக இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. பழையதற்கு வெடி வைக்கத் தேதி குறித்தாயிற்று. ஒன்பதாம் கண்ணில் ஒரு ஆள் நடக்கிறாரே என்று பொறியாளரிடம் போய்ச் சொன்னோம். அவர் வந்து பார்த்தார், அவனோடு கொஞ்ச தூரம் நடந்தார், கைகூடக் குலுக்கினார். "என் பேப்பர்ல பாலம்தான் இருக்கு, ஆள் இல்லையே" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. பத்து நாள் தள்ளிப் போட்டுக் கொடுத்தார், அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

பத்தாவது நாள் காலை வடிவு என் கடைக்கு வந்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தரம். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க கூப்பிட்டிருக்கலாம்லா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கும் ஏதாவது சொல்ல வந்திருக்கும். "வீட்டு ஆள் நிக்கும்போது…" என்று ஆரம்பித்தேன்.

"நானும் அதைத்தான் நெனச்சேன். நாலு ஆம்பளைக நிக்காக, இவக முன்னால எப்படிச் சொல்லன்னு" என்றாள். "நீங்க என்னைப் பாத்து வாயை மூடுனிய, நான் உங்களைப் பாத்து வாயை மூடுனேன்."

"அதுக்கப்புறம் கூப்பிட்டிருக்கலாமே தாயி. உங்க அத்தை போன பொறவாவது."

அப்போதுதான் அவள் சொன்னாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூப்பிட்டு இறக்குவது என்றே போனாளாம். கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் அவள் முகத்தைப் பார்த்து, "நல்லா இருப்பிய, அக்கா" என்றானாம். "கரையில எம் பொண்டாட்டி நிப்பா, சின்னப் பொண்ணு, பயப்படுவா. இந்தா வந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றானாம்.

அவனுடைய அந்த ஒரே காலையில் வடிவுக்குப் பத்தொன்பது வயது. அவள் முகம் அந்த வயதை விட்டு எவ்வளவு தூரம் போயிற்றோ அவ்வளவு தூரம் அவனுக்கு வேற்றாளாகிப் போனாள். அக்கா என்று பதினைந்து வருஷம். அதற்குப் பிறகு அம்மா. தினமும் அவன் தன் பெண்டாட்டிக்குச் சேதி சொல்லி அனுப்பினான், தினமும் அவள் பதில் கொண்டுபோனாள். அவ என்ன சேலை கட்டியிருக்கா? பச்சைச் சேலைய்யா. சாப்பிட்டாளா? நீ வந்த பொறவு சாப்பிடுவாளாம். ஒரு நாள் அவன் குரலைத் தாழ்த்தி, "எம்மா, உங்ககிட்டச் சொல்லுததுக்கென்ன. அவளுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னே எனக்குத் தெரியல. நாப்பது நாளா என் மொகத்தையே ஏறிட்டுப் பாக்கல" என்றானாம்.

"நீங்க என்ன சொன்னிய?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்குய்யான்னு சொன்னேன். ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கூப்பிட்டா அவிய எறங்கி வந்துருவாவ அண்ணாச்சி. எறங்கி வந்து யாரைத் தேடுவாவ? கூப்பிடாம இருந்தா தெனமும் ஒரு பத்து நிமிசமாவது கூட நடக்கலாம். எனக்கு அது போதும்னு இருந்துட்டேன். இன்னைக்கோட பாலமே இல்லன்னா?"

 அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் இறக்கவில்லை.

"தேடட்டும்" என்றாள் கடைசியில். "உசுரோட இருந்து தேடட்டும்."

அவள் நேராகக் கரைக்குப் போனாள். நான் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். யாருக்கும் சொல்லிவிடவில்லை, ஆனாலும் எங்கள் ஊரில் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இரண்டு கரையிலும் சனம் சேர்ந்துவிட்டது. பொறியாளர் ஜீப்பை விட்டு இறங்கி நின்றார். சொரிமுத்து ஒன்பதாம் கண்ணில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் பழத்தோடு, இளந்தாரியாக நடந்துகொண்டிருந்தான். வடிவு வாயைத் திறந்தாள். முதல் தரம் காற்றுதான் வந்தது. முப்பத்திரண்டு வருஷமாக நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்த பெயர் வெளியே வர வழி தெரியாமல் திணறியது.  அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொரிமுத்து!"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. அவன் கையைத் தூக்கினான். பத்தாம் கண்ணுக்கு வந்தான், பதினோராம் கண்ணுக்கு வந்தான், எங்கள் மேஸ்திரி மிஞ்சிய முட்டையில் கட்டிய பன்னிரண்டாம் கண்ணுக்கும் வந்து, மண்ணில் காலை வைத்தான். பெண்கள் ஓவென்று அழுதுவிட்டார்கள். நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

அவன் அழுகிறவர்களை விசித்திரமாகப் பார்த்தான். கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடினான். பிறகு முன்னால் நின்ற வடிவிடம் வந்தான்.

"எம்மா, என்னைக் கூப்பிட்டது யாரு?"

"நான்தான்யா."

"பொம்பளக் குரலா இருக்கேன்னு பாத்தேன். அவளா இருக்காது. அவ என் பேரைச் சொல்ல மாட்டா." கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தான். "இங்கதான நின்னுக்கிட்டிருந்தா, கையைத் தட்டுனா. எங்க போனா?"

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள். நான்தான் அவள் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம், சொல்லவும் செய்தாள். "நான்தான்யா வடிவு" என்றாள். அவன் பெரியவர்கள் கேலி பண்ணும்போது பிள்ளைகள் சிரிப்பதுபோல மரியாதைக்குச் சிரித்துவிட்டு, "வெளையாடாதிய எம்மா. வீட்டுக்குப் போயிருப்பா" என்று தெருவில் இறங்கி நடந்தான்.

அவள் பின்னாலேயே போனாள், கொஞ்சம் தள்ளி நானும் போனேன். புருஷனுக்கு நாலு எட்டுப் பின்னால், கல்யாணமான புதிதில் நடந்திருப்பாளே, அப்படித்தான் நடந்தாள். தெரு மாறியிருந்ததை அவன் கவனிக்கவில்லை, அவன் கண் வீட்டு வாசலிலேயே இருந்தது. வாசலுக்கு வந்ததும் தோளிலிருந்த பழத்தை இறக்கி, "கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்கம்மா" என்று அவள் கையில் கொடுத்தான். கனமான பழம். அவள் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆற்றுப் பக்கத்திலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் திரும்பவில்லை.

"வடிவு!" என்று அவன் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டான். "ஏளா வடிவு!"

"இங்கதான் இருக்கேன்" என்றாள் அவள், அவனுக்குப் பின்னால் நின்று.

முகத்தைப் பார்க்காமல் அந்தக் குரலை மட்டும் கேட்டதும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். "அடுக்களையிலயா இருக்கே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனான்.